செப்டம்பரில் என்ன நடக்கும்? ஒரு கோடை முகாம் கையேட்டைப் படித்த குறிப்புகள்

போன பிப்ரவரியில் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "டேய், நீதான் எதையாவது தேடித் தேடிப் படிக்கிறவனாச்சே. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு. மார்ச்சுக்குள்ள பணம் கட்டினா கொஞ்சம் குறைப்பாங்களாம்."

ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்கும் "சமூகக் கற்றல் தேவைகள்" உள்ள குழந்தைகளுக்கும் நடத்தப்படும் கோடை முகாமின் கையேடு அது. ஏழு வாரம். ராத்திரியும் அங்கேயேதான். ஏரி, படகு, மரத்தாலான கேபின்கள், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேல். "இன்சூரன்ஸ் ஒரு டாலர்கூடத் தராது" என்று அக்கா இன்னொரு மெசேஜில் சொன்னாள்.

அவள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஏழு வயதில் ஏடிஹெச்டி என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை எடுக்கிறான். படிப்பில் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். அதற்கு முந்தைய அக்டோபரில் அவன் பிறந்தநாளுக்கு வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். வந்தது இரண்டு பேர். அதில் ஒருவன் பக்கத்து வீட்டுப் பையன். மீந்துபோன பீட்சாவை ஒரு வாரம் சாப்பிட்டதாக அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆக, அவளுடைய கேள்வி கவனத்தைப் பற்றியது இல்லை. இவனுக்கு ஒரு நண்பன் கிடைப்பானா என்பதுதான் கேள்வி. கையேட்டை எழுதியவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே மூன்று சிறுவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அதைப் படித்து அக்காவுக்கு ஒரு நீளமான பதில் எழுதினேன். அந்தப் பதிலை விரித்து எழுதியதுதான் இந்தப் பதிவு. நான் மருத்துவன் இல்லை, யாருக்கும் மருத்துவ ஆலோசனை சொல்லவும் வரவில்லை. கையேடு வைக்கும் வாதத்தை ஒரு வாசகனாகப் பரிசோதிக்கிறேன், அவ்வளவுதான். முகாமின் பெயர் இங்கே தேவையில்லை. கீழே நான் பெயர் சொல்லும் எந்த முகாமும் அது இல்லை.

கையேடு சொல்வது என்ன?

அமெரிக்காவில் கோடை முகாம் என்பது பழைய விஷயம். கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய ஃப்ரெடரிக் கன் 1861-ல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்துபோய் இரண்டு வாரம் கூடாரம் போட்டுத் தங்கியதைத்தான் முதல் முகாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம் அது. பையன்களுக்குச் சிப்பாய் மாதிரி வாழ்ந்து பார்க்க ஆசை. பிற்பாடு சாதாரண முகாம்களில் சமாளிக்க முடியாமல் திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளுக்கென்றே தனி முகாம்கள் வந்தன. பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேலில் உள்ள சம்மிட் 1969-லிருந்தும், வட கரோலினாவின் சோர் 1977-லிருந்தும் இயங்குகின்றன. இந்த முகாம்கள் ஒரு உண்மையான தேவைக்குப் பிறந்தவை. "உங்க பையனை அழைச்சிட்டுப் போயிடுங்க" என்று மூன்றாம் நாளே போன் வாங்கிய பெற்றோருக்கு அதன் அருமை தெரியும்.

அக்கா அனுப்பிய கையேடு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, இங்கே குழந்தை சமூகத் திறன்களைக் கற்றுக்கொள்ளும். இரண்டு, இந்த முறை நாற்பது ஆண்டு ஆய்வால் நிரூபிக்கப்பட்டது. மூன்று, இருபத்துநான்கு மணி நேரமும் கூடவே இருப்பதால் பகல் முகாமைவிட மூன்று மடங்கு பயன்.

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வுகள் உண்மை. ஆனால் அவை வேறு வகை முகாமைப் பற்றியவை. அதோடு, அவை காட்டும் விஷயமும் கையேடு சொல்லும் விஷயம் இல்லை.

நாற்பது ஆண்டு ஆய்வு யாருடையது?

வில்லியம் பெல்ஹாம் என்ற உளவியலாளர் 1980-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏடிஹெச்டி குழந்தைகளுக்கு ஒரு கோடை சிகிச்சை முகாம் ஆரம்பித்தார். பிறகு பிட்ஸ்பர்க், பஃபலோ, கடைசியில் மயாமி என்று அவர் போன இடமெல்லாம் அதுவும் போனது. 2023-ல் அவர் காலமானார். இந்தத் துறையில் முகாம் பற்றி யார் எதை எழுதினாலும் அவரிடம் வந்துதான் தீரவேண்டும்.

அவர் முகாம் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஒரே வயதுள்ள சுமார் பன்னிரண்டு பேர் ஒரு குழு. ஒரு குழுவுக்கு நாலைந்து கவுன்சிலர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டு வாரம், நாளுக்கு ஒன்பது மணி நேரம். கூட்டினால் 360 மணி நேரம். வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் போகிற குழந்தைக்கு இவ்வளவு மணி நேரம் சேர ஏறக்குறைய 7 வருடம் ஆகும்.

நாளில் கொஞ்ச நேரம் வகுப்பறை. மீதி நேரம் பெரும்பாலும் விளையாட்டு. விளையாட்டை வெறும் பொழுதுபோக்காக அவர் வைக்கவில்லை. விதி மறந்து தப்பான பக்கம் ஓடுகிற பையனை அடுத்த முறை யாரும் அணியில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே கால்பந்தைச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான். இது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. மரியாதையாகப் பேசு, பகிர்ந்துகொள் என்று பாடம் எடுப்பதைவிட ஒரு பையனுக்குப் பந்தை ஒழுங்காகப் பாஸ் செய்யக் கற்றுக்கொடுப்பது பெரிய உதவி.

இதற்கெல்லாம் மேலே பாயிண்ட் கணக்கு. விதியைப் பின்பற்றினால் பாயிண்ட் ஏறும், கிண்டல் செய்தால் இறங்கும். அடித்தால் டைம் அவுட். சாயந்திரம் ஒரு அறிக்கை அட்டை வீட்டுக்குப் போகும். அதைப் பார்த்து அம்மா அப்பா வீட்டில் ஒரு சின்னப் பரிசு தரவேண்டும். வாரம் ஒரு நாள் பெற்றோருக்கும் வகுப்பு உண்டு.

இது வேலை செய்கிறதா? செய்கிறது. 2004-ல் பெல்ஹாமின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. முகாம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் இரண்டு நாள் மட்டும் பாயிண்ட் முறையை நிறுத்திப் பார்த்தார்கள். அதே குழந்தைகள், அதே கவுன்சிலர்கள், அதே மைதானம். நடத்தை சடாரென்று மோசமானது. திரும்ப ஆரம்பித்ததும் சரியானது.

இந்த முடிவை முறையின் வெற்றியாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். சரிதான், வெற்றிதான். ஆனால் அதையே இன்னொரு விதமாகவும் படிக்கலாம் இல்லையா? பல வாரம் பழகியும், இரண்டு நாள் நிறுத்தினால் போய்விடுகிறது. குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்றால் அந்த இரண்டு நாளும் கொஞ்சமாவது தாங்கியிருக்க வேண்டாமா? கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, கழற்றினால் தெரியவில்லை என்பது மாதிரி. கண்ணாடி நல்ல பொருள். ஆனால் கண்ணாடி கண்ணைக் குணப்படுத்தும் என்று யாராவது விற்றால் நாம் கேள்வி கேட்போம்.

பெல்ஹாம் அப்படி விற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இது நீண்டகாலப் பிரச்சினை, ஆகவே நீண்டகாலக் கவனிப்பு வேண்டும், பள்ளியிலும் வீட்டிலும் தொடரவேண்டும் என்றுதான் அவர் சொல்லிவந்தார். தொடர வேண்டும் என்ற அந்தப் பகுதி கையேட்டுக்கு வந்து சேரும்போது உதிர்ந்துவிட்டது.

ரஸ்ஸல் பார்க்லி இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். ஏடிஹெச்டி என்பது என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத குறை இல்லை. தெரிந்ததை, செய்யவேண்டிய அந்த நொடியில் செய்ய முடியாத குறை. என் அக்கா மகனிடம் கேட்டுப் பாருங்கள், வரிசையில் முந்தக்கூடாது என்று அழகாகச் சொல்வான். சொல்லிக்கொண்டே முந்துவான். அப்படியென்றால் உதவி, காரியம் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அவனுக்குக் காரியம் நடக்கும் இடம் பள்ளிச் சாப்பாட்டு அறையும் பஸ்ஸும். இருநூறு மைல் தள்ளி இருக்கும் ஏரி இல்லை.

ராத்திரி

இப்போது மூன்றாவது வாக்குறுதிக்கு வருகிறேன். இருபத்துநான்கு மணி நேரம், மூன்று மடங்கு பயன்.

மேலே சொன்னது முழுக்கப் பகல் முகாம். குழந்தை தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் போகிறது. அட்டையைப் பார்க்கிற அம்மா, வாராவாரம் வகுப்புக்கு வருகிற அப்பா, இவர்கள் அந்தச் சிகிச்சையின் பாதி. தங்கும் முகாமில் அந்தப் பாதி அப்படியே இல்லை. அதற்குப் பதில் வாரம் ஒரு கடிதம், நடுவில் ஒரு பார்வையாளர் நாள். இரவு தங்கும் முகாமைச் சோதித்த ஆய்வு என்று கையேடு ஒன்றைக்கூடக் காட்டவில்லை. காட்டுவதெல்லாம் பகல் முகாம் ஆய்வு. பாதியை எடுத்துவிட்டு மூன்று மடங்கு என்பது எந்தக் கணக்கு?

இன்னொரு விஷயம், பெற்றோர்கள் கேட்க மறந்துபோவது. காலையில் சாப்பாட்டுக்கு முன் நர்ஸ் அறை வாசலில் குழந்தைகள் மாத்திரைக்கு வரிசையில் நிற்பார்கள். நாள் முழுக்க வேலை செய்யும் வகை மாத்திரை பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதாவது காலை எட்டு மணிக்கு விழுங்கியது ராத்திரி எட்டு மணிக்குத் தீர்ந்துவிடும். அதே நேரம்தான் விளையாட்டும் பாட்டும் முடிந்து கேபினுக்குத் திரும்பும் நேரம். எட்டு பத்து பையன்கள், ஒரே அறை, டார்ச் வெளிச்சம், தூக்கம் வராது, வீட்டு ஞாபகம் வரும். ஒருவன் தலையணையை எறிவான், இன்னொருவன் அழுவான். மாத்திரையும் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. பொறுப்பில் இருப்பது பத்தொன்பது இருபது வயதுப் பையன், அவனும் காலையிலிருந்து ஓடிக் களைத்தவன்.

இந்த நேரத்தைப் பயன்படுத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும் என்று காட்டிய ஒருவர் இருக்கிறார். வியன்னாவிலிருந்து அமெரிக்கா வந்த ஃப்ரிட்ஸ் ரெட்ல். 1940-களில் டெட்ராய்ட்டில் பயனியர் ஹவுஸ் என்ற இல்லத்தில், யாரும் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லாத சிறுவர்களோடு வேலை செய்தார். டேவிட் வைன்மனோடு சேர்ந்து அந்த அனுபவத்தை 1951-ல் புத்தகமாக எழுதினார். குழந்தையோடு பேசவேண்டிய இடம் ஆலோசகரின் அறை இல்லை, சண்டை நடந்த இடம்தான், பேசவேண்டிய நேரம் சண்டை நடந்த நேரம்தான் என்பது அவர் கொள்கை. தூங்கப்போகும் நேரம், சாப்பாட்டு மேசை, விளையாட்டு முடிந்து மனசே இல்லாமல் கிளம்பும் அந்த ஐந்து நிமிஷம், இதெல்லாம்தான் அவருக்குச் சிகிச்சை நேரம். தங்கும் முகாமுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது ரெட்லிடம்தான் இருக்கிறது.

ஆனால் ரெட்ல் செய்தது பயிற்சியும் அனுபவமும் உள்ள ஆட்களை வைத்து. பயனியர் ஹவுஸே பணம் இல்லாமல் இரண்டு வருடத்துக்குள் மூடப்பட்டது. நல்ல ராத்திரி வேலைக்கு நிறைய ஆள் வேண்டும், நிறைய செலவாகும். கையேட்டில் பகல் நேரத்துக்கு நாலு பக்கம் அட்டவணை இருக்கிறது. ராத்திரி எட்டரை மணிக்கு எதிரே "கேபின் நேரம், உறக்கம்" என்று ஒரு வரி.

நண்பன் எப்படிக் கிடைக்கிறான்?

முதல் வாக்குறுதிதான் கடினமானது: சமூகத் திறன் கற்றுக்கொள்வான், அதனால் நண்பன் கிடைப்பான்.

அமெரிக்காவில் ஏடிஹெச்டி சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-ல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. எம்டிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 579 குழந்தைகள். சிலருக்கு நன்றாகக் கண்காணித்த மாத்திரை, சிலருக்கு நடத்தைச் சிகிச்சை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஊரில் கிடைக்கிற வழக்கமான சிகிச்சை. நடத்தைச் சிகிச்சையில் பெல்ஹாமின் எட்டு வார முகாமும் அடக்கம். 14 மாதம் கழித்து, கவனம் துறுதுறுப்பு போன்ற விஷயங்களில் மாத்திரைக் குழுக்கள் முன்னே நின்றன. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்குள் வித்தியாசம் மறைந்துவிட்டது.

அதே ஆய்வில் பெட்ஸி ஹோஸாவும் மற்றவர்களும் வகுப்புத் தோழர்களிடம் கேட்டார்கள். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, யார் உன் நண்பன் என்று. 2005-ல் வந்த முடிவு: ஏடிஹெச்டி குழந்தைகளில் 52 சதவீதம் பேர் சக குழந்தைகளால் ஒதுக்கப்பட்டவர்கள். 56 சதவீதம் பேருக்கு, இவன் அவனைச் சொல்ல அவனும் இவனைச் சொல்லும்படியான நண்பன் ஒருவன்கூட இல்லை. சிகிச்சை முடிந்த பிறகு கேட்டபோதும், எந்தக் குழுவில் இருந்த குழந்தையாக இருந்தாலும், தோழர்கள் பார்வையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆசிரியருக்கும் அம்மாவுக்கும் மாற்றம் தெரிந்தது. பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியவில்லை.

சமூகத் திறன் பயிற்சியைத் தனியாக எடுத்தாலும் கதை இதுதான். 2019-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பு 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, குறிப்பிட்டுச் சொல்லும்படியான பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

ஏன் இப்படி? எனக்குத் தெளிவைத் தந்தது 1994-ல் எர்ஹார்ட்டும் ஸ்டீஃபன் ஹின்ஷாவும் செய்த ஒரு சின்ன ஆய்வு. அதுவும் கோடை நிகழ்ச்சியில் நடந்ததுதான். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத 49 சிறுவர்கள். 25 பேருக்கு ஏடிஹெச்டி, 24 பேருக்கு இல்லை. முதல் நாள் முடிவிலேயே ஏடிஹெச்டி சிறுவர்களில் மிகப் பலரை மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஒரே நாள்! நம் பையன் தன்னைத் திருத்திக்கொள்ள ஏழு வாரம் எடுத்துக்கொள்கிறான். ஊர் அவனைப் பற்றி முடிவுகட்ட ஒரு நாள் போதும். முடிவுகட்டின பிறகு அவன் திருந்தி வந்து நின்றாலும், அவர்கள் பார்ப்பது பழைய ஆளைத்தான்.

தேவை யாருக்கு?

இங்கேதான் "சமூகக் கற்றல் தேவைகள் உள்ள குழந்தை" என்ற சொல் எனக்கு இடிக்க ஆரம்பித்தது. மென்மையான சொல். முன்பெல்லாம் சொன்ன கெட்ட சொற்களுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் இதுவும் தேவை முழுவதையும் ஒரே குழந்தைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. பிறந்தநாளுக்கு வராத இருபது பேருக்குச் சமூகக் கற்றல் தேவை எதுவும் இல்லையா?

அமோரி மிகாமி என்ற உளவியலாளர் இந்தக் கேள்வியைச் சோதனையாகவே செய்து பார்த்தார். 2013-ல் வெளியானது. நாலு வாரக் கோடை நிகழ்ச்சி. ஏடிஹெச்டி உள்ள 24 குழந்தைகள், இல்லாத 113 குழந்தைகள். ஒரு வகை வகுப்பில் வழக்கமான பாயிண்ட் முறை. இன்னொரு வகையில் அதோடு ஆசிரியர் வேறு சிலவும் செய்வார். ஏடிஹெச்டி குழந்தையிடம் இருக்கும் நல்லதை எல்லோர் முன்னாலும் சொல்வார், தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். யாரையும் ஒதுக்கக்கூடாது என்பதை வகுப்பின் விதியாக்கி, சேர்த்துக்கொள்ளும் குழந்தைகளைப் பாராட்டுவார். ஒரே ஏடிஹெச்டி குழந்தைகளே இரண்டு வகை வகுப்பிலும் மாறி மாறி இருந்தார்கள்.

முடிவைக் கவனியுங்கள். அவர்கள் நடத்தையில் இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம் இல்லை. அதே துறுதுறுப்பு, அதே குறுக்கே பேசுவது. ஆனால் இரண்டாவது வகை வகுப்பில் அவர்களைப் பிடிக்கும் என்று சொன்னவர்கள் கூடினார்கள், பரஸ்பர நட்பும் கூடியது. இந்தப் பலன் பெரும்பாலும் சிறுவர்களிடம்தான் தெரிந்தது, சிறுமிகளிடம் அவ்வளவு இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் குழந்தை மாறாமலே நண்பன் கிடைக்கலாம் என்று அது காட்டியது.

இதை வைத்துப் பார்த்தால் தங்கும் முகாமுக்கே ஒரு புது நியாயம் கிடைக்கிறது. கையேடு எழுதியவர்கள் கவனிக்காத நியாயம். அங்கே போகிற பையனை யாருக்கும் தெரியாது. அவன் மேல் பழைய முத்திரை இல்லை. கூட இருப்பவர்களும் அவனை மாதிரியே பேச்சின் நடுவில் எழுந்து ஓடுகிறவர்கள். அங்கே அவன் ஒரு விதிவிலக்கு இல்லை. முகாம் அவனுக்குத் தருவது திறன் இல்லை, வேறு கண்கள். அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஒன்பது வயதுவரை ஒரு நாள்கூட அப்படி இருந்திராத பையனுக்கு மூன்று வாரம் அப்படி இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் அதை அப்படியே சொல்லி விற்கவேண்டும். "உங்கள் மகன் சந்தோஷமாக இருப்பான், ஒரு நண்பன் கிடைக்கலாம்" என்று சொல்லுங்கள், வருகிறோம். "திரும்பி வரும்போது வேறு பையனாக வருவான்" என்று சொல்லாதீர்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த வரியின் விலையைக் கடைசியில் கொடுப்பது குழந்தை. செப்டம்பரில் பள்ளி திறந்து, அதே இருபது பேர் அதே மாதிரி நடந்துகொண்டால், அவனுக்குப் புரிவது ஒன்றுதான்: இவ்வளவு பணம் செலவழித்தும் நான் சரியாகவில்லை.

அக்காவிடம் சொன்னது

அக்காவுக்கு நான் போ என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. முகாமிடம் நாலு கேள்வி கேட்கச் சொன்னேன். ராத்திரி எட்டரைக்கு மேல் கேபினில் யார் இருப்பார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி? ஏழு வாரமும் பெற்றோருக்கு என்ன வேலை தருவீர்கள்? என் ஊருக்குப் பக்கத்திலிருந்து வருகிற குழந்தைகள் யாராவது உண்டா, கேபினில் சேர்த்துப் போடமுடியுமா? செப்டம்பரில் பள்ளியோடு பேசுவீர்களா?

முதல் கேள்விக்கு நேர்மையான பதில் வந்தது: இரண்டு கவுன்சிலர்கள், முகாம் தொடங்குமுன் ஒரு வாரப் பயிற்சி. இரண்டாவதற்கு, "நீங்க ஓய்வெடுங்க" என்றார்களாம். அக்கா கோபப்படவில்லை. "எனக்கு ஓய்வும் வேணும்தான்டா" என்றாள். அதைப் படிப்பிலிருந்து பேசுகிற நான் யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடமாகப் பள்ளி போனுக்குப் பயந்து வாழ்கிறவளுக்கு மூன்று வாரம் போன் அடிக்காமல் இருப்பதும் ஒரு பலன். அதைப் பலன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவதற்கு, பார்த்துச் செய்கிறோம் என்றார்கள், செய்தும் கொடுத்தார்கள். நாலாவதற்கு, அக்டோபரில் ஒரு அறிக்கை தபாலில் வரும் என்றார்கள்.

ஏழு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் அனுப்பினாள். அவனுக்கு அங்கே பிடித்திருந்தது. முதல் வாரம் மட்டும் ராத்திரியில் அழுதிருக்கிறான். தோணி ஓட்டக் கற்றுக்கொண்டான். ஒன்றரை மணி நேர டிரைவில் இருக்கும் ஊர்க்காரப் பையன் ஒருவனோடு ஒட்டிக்கொண்டான்.

ஆகஸ்ட் கடைசியில், அறிக்கை வருவதற்காகக் காத்திராமல், அக்கா தானே பள்ளிக்குப் போனாள். புது வகுப்பு ஆசிரியையிடமும் பள்ளி ஆலோசகரிடமும் பேசினாள். அவன் நடத்தையைப் பற்றிக் குறைவாகவும், அவனுக்குத் தோணி ஓட்டத் தெரியும் என்பதைப் பற்றி அதிகமாகவும் பேசினாளாம். திட்டுவதைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை நாலு பேர் மட்டும் ஆலோசகரின் அறையில் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு டாலரும் செலவில்லை. எங்கள் அம்மாவிடம் சொன்னால், "இதுக்கா இவ்வளவு படிச்சீங்க" என்பாள்.

இந்த அக்டோபரில் பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு, மூன்று பேர் போதும் என்றிருக்கிறான். முகாம் பையன், பக்கத்து வீட்டுப் பையன், சாப்பாட்டு நாலு பேரில் ஒருவன். முகாம் பையனும் பக்கத்து வீட்டுப் பையனும் வந்தார்கள். மூன்றாமவன் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் பள்ளியில் வந்து, காய்ச்சல் என்று காரணம் சொன்னானாம். "மாமா, அவன் காரணம் சொன்னான்!" என்று போனில் என்னிடம் இரண்டு முறை சொன்னான்.

மற்றபடி வகுப்பில் பெரிய மாற்றம் இல்லை. வரிசையில் இன்னும் முந்துகிறான்.

உங்கள் கைக்கும் இப்படி ஒரு கையேடு வந்தால், ஏரியையும் நெருப்பையும் பார்த்து முடித்த பிறகு செப்டம்பர் என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எனக்கு வந்த நாற்பது பக்கத்தில் ஒரே இடத்தில் இருந்தது. அடுத்த வருடத்துக்கான முன்பதிவு தொடங்கும் மாதம் என்று.